பின்னத்தின் கீழ் எண்ணுக்கு யார் காசு தர்றது?

1/ சிவகாசிப் பக்கம் வெடி விபத்துன்னா, எத்தனை பேர் இறந்தாங்கன்னு அன்னிக்கு ராத்திரியே செய்தி வந்துடும். ஆனா பட்டாசு வேலை செய்யுறவங்கள்ல எத்தனை பேருக்கு மூச்சுத் தொந்தரவு? எத்தனை பேருக்குக் குறைமாசப் பிரசவம்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வெச்சு இதைச் சொல்ல முடியாது. அங்க வந்தவங்க மட்டும்தான் அதுல இருப்பாங்க. பின்னத்தோட மேல் எண் நம்மகிட்ட இருக்கு, கீழ் எண் இல்லை. அந்தக் கீழ் எண்ணோட வரலாறுதான் இந்த இழை.

2/ கீழ் எண் கிடைக்க வீடு வீடாப் போய் எழுதின பட்டியல் வேணும். பழகின களப்பணியாளர்கள், புள்ளியியல் தெரிஞ்சவங்க, கணினி, நூலகம் எல்லாம் வேணும். ஒரு ஆய்வு முடிஞ்சாலும் அடுத்ததுக்கும் இவை தேவை. ஆனா நிதி தர்றவங்க பெரும்பாலும் ஒரு ஆய்வுக்குத்தான் தருவாங்க. எல்லா ஆய்வுக்கும் பொதுவானதுக்குக் காசு கேட்டா யோசிப்பாங்க.

3/ 1956-ல் பம்பாயில் மக்கள்தொகைப் பயிற்சி, ஆய்வு மையம் தொடங்கினாங்க. சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளை, இந்திய அரசு, ஐ.நா. மூணும் சேர்ந்து செலவைப் பகிர்ந்துக்கிச்சு. இன்னிக்கு ஐஐபிஎஸ்-னு சொல்றோமே, அதுதான்.

4/ 1958-ல் மத்திய அரசு மக்கள்தொகை ஆய்வு மையங்கள் திட்டத்தை ஆரம்பிச்சது. ஆய்வாளர் சம்பளம் உட்பட மையத்தை நடத்துற செலவைச் சுகாதார அமைச்சகமே தரும். இது 18 மையங்களா வளர்ந்தது. 12 பல்கலைக்கழகங்கள்ல, 6 மற்ற நிறுவனங்கள்ல.

5/ அந்த ஆறில் ஒண்ணு நமக்குப் பக்கத்துலயே இருக்கு. மதுரையிலிருந்து திண்டுக்கல் போற வழியில் காந்திகிராமம். 1947-ல் அதை நிறுவினவங்க டாக்டர் டி.எஸ். சௌந்தரம். 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளை உதவியோட அங்க ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கிச்சு. 1964-ல் அது கிராமிய சுகாதார நிறுவனமா மாறிச்சு.

6/ அவங்க எடுத்துக்கிட்டது ஆத்தூர் வட்டாரம் (சேலம் ஆத்தூர் இல்லை, திண்டுக்கல் பக்கத்து ஆத்தூர்). 1959-ல் ஆயிரம் பேருக்கு 43 பிறப்பு. 1968-ல் சுமார் 28. வட்டாரத்துல மொத்தம் எத்தனை பேர்னு தெரிஞ்சதாலதான் இந்தக் கணக்கைச் சொல்ல முடிஞ்சது.

7/ அந்த அடித்தளம் வீணாகலை. முதல் தேசிய குடும்பநல ஆய்வு 1992-93-ல் நடந்தப்போ, தமிழ்நாட்டு அறிக்கையை ஐஐபிஎஸ்-சோட சேர்ந்து வெளியிட்டது காந்திகிராமத்து மையம்தான்.

8/ ஆனா ஒரு சிக்கல். காசு தர்றவங்கதான் கேள்வியையும் தீர்மானிக்கிறாங்க. அன்னிக்கு நாட்டோட கவலை பிறப்பு விகிதம். அதனால பிறப்பை எண்ணினோம். இப்பவும் இந்த மையங்களோட பெரும்பகுதி நேரம் அமைச்சகத்தோட திட்டங்களை மதிப்பிடுறதுல போகுது. மருந்துத் தூசியில வேலை செய்யுற தொழிலாளியோட நுரையீரல் பத்திக் கேட்க ஆள் இல்லை.

9/ அமெரிக்காவில் அரசோட குழந்தைநல, மனித வளர்ச்சி நிறுவனம், பல்கலைக்கழக மக்கள்தொகை மையங்களுக்குப் பொது வசதிக்குன்னே தனி மானியம் தருது. புள்ளியியல் குழுவைப் பல துறைக்காரங்க பகிர்ந்துக்கிறாங்க. கேள்வி ஆய்வாளரோடது.

10/ "குடும்பநல ஆய்வுல இப்ப மாவட்டக் கணக்கே வருதே"ன்னு கேப்பீங்க. 2015-16-லிருந்து வருது, நல்ல விஷயம். ஆனா மாவட்டம் முழுக்கச் சில நூறு வீடுகள்தான் மாதிரி. அதுல பட்டாசுத் தொழிலாளிகளை மட்டும் பிரிச்சுப் பார்த்தா நம்பத்தக்க முடிவு வராது. வீட்டுல ரகசியமா வெடி செய்யுறவங்க எந்தப் பட்டியல்லயும் இல்லை.

11/ விருதுநகருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. அறுபது வருஷ அனுபவம் காந்திகிராமத்துல இருக்கு. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டங்களுக்கு ஒரு நிரந்தர வீட்டுப் பட்டியல், வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க ஒரு சின்னக் குழு. இதுக்கு ஒரு தடவை நிதி ஒதுக்கி, தொடர்ந்து நடத்தினா போதும். நுரையீரல், பிரசவம், தீக்காயம்னு ஒவ்வொரு துறையும் அதையே பயன்படுத்தலாம்.

12/ விபத்து நடந்தா நிவாரணம் அறிவிக்கிறாங்க, அது தேவைதான். அதோட இந்தப் பட்டியலையும் நம்ம எம்.எல்.ஏ., எம்.பி. கிட்ட கேட்போம்.