பதிப்புப் பெயர் வாக்கெடுப்பு

திறமூல மென்பொருளின் பெரும் பதிப்புக்குப் பெயரோ எண்ணோ சூட்ட அதன் சமூகத்தினர் வாக்களிக்கும் முறை. பிஎச்பி குழுவினர் 2014இல், பாதியில் கைவிட்ட 6ஐத் தாண்டி 7ஐத் தேர்ந்தது இப்படித்தான். ஃபெடோரா லினக்ஸும் 20ஆம் பதிப்புவரை வாக்கெடுத்தே பெயரிட்டது.

இந்தியர்கள் ஆசையோடு பங்கேற்றது ஆண்ட்ராய்டு 'என்' (N) பதிப்பின் பெயர் தேடலில். மதுரையில் பிறந்த கூகுள் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை, இந்தியப் பலகாரப் பெயருக்கு இணைய வாக்கெடுப்பு நடத்தலாம் என்று 2015 டிசம்பரில் டெல்லி மாணவர்களிடம் சொல்லியிருந்தார். 2016இல் கூகுள் பெயர் கேட்டதும் கேரளத்தவர் 'நெய்யப்பம்' என்று முழங்கினர்: அரிசிமாவில் வெல்லப்பாகு கலந்து, ஏலக்காய் தட்டிப்போட்டுப் பொரிப்பது.

ஜூன் 30 அன்று அறிவிக்கப்பட்ட பெயர் 'நூகட்'. யோசனை எல்லோரிடமும் கேட்டாலும், முடிவு நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. இதை வாக்கெடுப்பு என்பது பொருந்தாது.