ஏழின் ஆட்டம்: ஹசார்ட் முதல் கிராப்ஸ் வரை

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடா சென்றிருந்தபோது, நயாகரா நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என் சகோதரியின் மகன் என்னை அங்கிருந்த ஒரு கசினோவுக்கு அழைத்துச் சென்றான். செய்தி அறையில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காலந்தள்ளிய எனக்கு அது புதிய உலகம். உள்ளே ஆரவாரம் மிகுந்திருந்த இடம் ஒன்றுதான். தொட்டி போன்ற நீண்ட மேசை ஒன்றைச் சுற்றி இருபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். ஒருவர் இரண்டு பகடைக்காய்களை மறுமுனைச் சுவரில் மோதும்படி எறிந்தார். பாதிப்பேர் கைதட்டினார்கள், பாதிப்பேர் தலையில் கைவைத்தார்கள். அதுதான் 'கிராப்ஸ்'.

மருமகன் எனக்கு ஆட்டத்தைக் கற்பிக்க முற்பட்டான். "மாமா, பத்துத் தரம் எறிஞ்சாச்சு, ஏழு வரேல்லை. இனி எப்பிடியும் வரும், பாருங்கோ" என்றபடி மேசையின் நடுவிலிருந்த கட்டமொன்றில் காசை வைத்தான். ஏழு வரவில்லை. அவன் பணயத்தைக் கூட்டி மீண்டும் வைத்தான். வெளியே வந்தபோது நானூறு டொலர் போயிருந்தது. பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடித்திரியும் பிள்ளை அவன். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருப்பதை அவனுக்கு நினைவூட்ட எனக்கு மனம் வரவில்லை. அது அறிவுரை. அவனுக்கு அப்போது தேவைப்பட்டது கணக்கும், அந்தக் கணக்கின் வரலாறும்.

கிராப்ஸ் ஆட்டத்தின் தாய் 'ஹசார்ட்' என்ற பழைய ஆங்கில ஆட்டம். பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சோசரின் கன்ரர்பரிக் கதைகளிலேயே அதன் பெயர் வருகிறது. ஹசார்ட்டில் எறிபவர் முதலில் ஐந்து முதல் ஒன்பது வரையான எண்களில் ஒன்றைத் தமது பிரதான எண்ணாக அறிவிக்க வேண்டும். பின்னர் எறிவதில் அந்த எண்ணே விழுந்தால் வெற்றி; இரண்டோ மூன்றோ விழுந்தால் தோல்வி. பதினொன்றும் பன்னிரண்டும் அறிவித்த எண்ணுக்கேற்ப வெற்றியாகவோ தோல்வியாகவோ மாறும். வேறெந்த எண் விழுந்தாலும் ஆட்டம் தொடரும். இத்தனை விதிகளையும் மனதில் வைத்து ஆடுவது பிரபுக்களுக்கே சிரமமாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆடினார்கள். 1828இல் இலண்டன் சென் ஜேம்ஸ் வீதியில் வில்லியம் குரொக்போர்ட் என்பவர் திறந்த மாளிகையில் பரம்பரைச் சொத்துகள் பல ஹசார்ட் மேசையில் கரைந்தன. குரொக்போர்ட் ஒரு மீன் வியாபாரியின் மகன் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ஹசார்ட்டில் மிகக் குறைந்த எறிதலை 'கிராப்ஸ்', அதாவது நண்டுகள் என்று அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர் நாவில் அது கிராப்ஸ் ஆயிற்று. தவளையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பெயர் வந்ததாக ஒரு கதையும் உலவுகிறது. சுவையான கதை, நம்புவதற்குக் காரணம் போதாது.

அத்திலாந்திக்கைக் கடந்து இந்த ஆட்டம் அமெரிக்காவில் வேரூன்றிய இடம் நியூ ஓர்லியன்ஸ். அதைக் கொண்டுவந்த பெருமை பொதுவாக பேர்னாட் டி மரிக்னி (1785 - 1868) என்ற பெரும் நிலவுடைமையாளருக்கு அளிக்கப்படுகிறது. இளவயதிலேயே பெருஞ்செல்வத்துக்கு வாரிசான அவர், இலண்டனில் சிறிது காலம் தங்கி, ஹசார்ட் மோகத்துடன் ஊர் திரும்பினார் என்பார்கள். பின்னர் தமது தோட்டத்தைத் துண்டுகளாக்கி விற்றபோது அங்கு அமைந்த வீதிகளுக்குத் தாமே பெயர் சூட்டினார். ஒன்று காதல் வீதி, இன்னொன்று நல்ல பிள்ளைகள் வீதி, மற்றொன்று கிராப்ஸ் வீதி. அந்த வீதியில் பின்னாளில் ஒரு தேவாலயமும் அமைந்தது. சூதாட்டத்தின் பெயரால் தேவாலயம் அறியப்படுவது எவருக்குத்தான் உவப்பாக இருக்கும்? வீதியின் பெயர் பேர்கண்டி என்று மாற்றப்பட்டது. மரிக்னியின் செல்வமோ அவர் இறக்கும்போது பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது.

நியூ ஓர்லியன்ஸில் ஆட்டம் எளிமையாயிற்று. எறிபவர் எண்ணை அறிவிக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, பிரதான எண் எப்போதும் ஏழு என்றாயிற்று. ஹசார்ட்டில் ஏழை அறிவித்தவருக்குரிய விதிகளே இன்றைய கிராப்ஸ் ஆட்டத்தின் விதிகள். முதல் எறிதலில் ஏழு அல்லது பதினொன்று வந்தால் வெற்றி. இரண்டு, மூன்று, பன்னிரண்டு வந்தால் தோல்வி. வேறெந்த எண் வந்தாலும் அதுவே இலக்கு. அந்த இலக்கு மீண்டும் விழுவதற்கு முன்னர் ஏழு விழுந்தால் எல்லாம் போயிற்று. முதல் எறிதலில் நண்பனாக வரும் ஏழு, இரண்டாவதிலிருந்து எதிரியாகிவிடுகிறது. புதிதாக வருபவர் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் இதை விளங்கிக்கொள்ள அரைமணி நேரம் பிடித்தது.

ஏன் ஏழு? இரண்டு காய்கள் விழக்கூடிய வகைகள் முப்பத்தாறு. அவற்றுள் ஆறு வகைகள் ஏழைத் தருகின்றன. வேறெந்த எண்ணுக்கும் இத்தனை வழிகள் இல்லை. பகடையை இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களில் முன்னோடி இத்தாலிய மருத்துவர் கார்டானோ. அவரே ஒரு சூதாடி. அவருடைய நூல் அவர் இறந்து எண்பத்தேழு ஆண்டுகளின் பின்னர், 1663இல்தான் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1654இல், மெரே என்ற பிரெஞ்சுக் கனவான் எழுப்பிய சூதாட்டக் கேள்விகள் பஸ்கலையும் பெர்மாவையும் கடிதம் எழுத வைத்தன. நிகழ்தகவு என்ற கணிதத் துறையே அந்தக் கடிதங்களில் பிறந்தது.

இனி, கசினோ எங்கே சம்பாதிக்கிறது? தொடக்க காலத்தில் எறிபவரின் வெற்றிமீது மட்டுமே பணயம் வைக்க முடிந்தது. அப்படியானால் தோற்கும் காய்களைச் செய்து மேசைக்குக் கொண்டுவர வீட்டுக்காரருக்குத் தூண்டுதல் இருக்கும். கனமேற்றிய காய்களும் தாராளமாகப் புழங்கின. பகடைக்காய் செய்யும் தொழிலில் இருந்த ஜோன் வின் என்பவர் 1907இல் ஒரு மாற்றத்தைப் புகுத்தியதாகச் சொல்லப்படுகிறது: எறிபவர் தோற்பார் என்றும் பணயம் வைக்கலாம். இருபக்கமும் பணயம் இருந்தால் கள்ளக்காய் ஒரு பக்கத்தாருக்கு அள்ளிக்கொடுத்துவிடும். ஆகவே காய் நேர்மையாக இருப்பதே வீட்டுக்காரருக்கு இலாபம். இன்று கசினோக் காய்கள் உள்ளே எதையும் ஒளிக்க முடியாதபடி கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதும், காய் எதிர்ச்சுவரில் மோதித் திரும்ப வேண்டும் என்பதும் அதே நியாயத்தின் தொடர்ச்சிதான்.

காய் நேர்மையானது, கணக்குச் சற்றே சாய்வானது. எறிபவர் பக்கம் வைக்கும் 495 பணயங்களில் சராசரியாக 244 வெல்லும், 251 தோற்கும். ஏழு பணயங்களின் இந்த இடைவெளிதான் வீட்டுக்காரரின் பங்கு, நூறு டொலருக்கு ஏறத்தாழ ஒரு டொலர் நாற்பது சதம். எதிர்ப்பக்கம் வைத்தால் நிலைமை தலைகீழாகி ஆடுபவருக்கு இலாபமாகுமே என்று கேட்கலாம். அதனால்தான் முதல் எறிதலில் பன்னிரண்டு வந்தால் எதிர்ப்பக்கத்தாருக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று விதி செய்தார்கள். ஒரே ஓர் எண்ணைப் பூட்டிவைத்து இரு பக்கத்தாரிடமும் வாங்குகிறார்கள். இலக்கு விழுந்த பின்னர் அதன் பின்னால் வைக்கும் கூடுதல் பணயத்துக்கு மட்டும் உண்மையான விகிதத்திலேயே பணம் தருவார்கள். நான்குக்கும் பத்துக்கும் இரண்டுக்கு ஒன்று, ஐந்துக்கும் ஒன்பதுக்கும் மூன்றுக்கு இரண்டு, ஆறுக்கும் எட்டுக்கும் ஆறுக்கு ஐந்து. இதில் வீட்டுக்காரருக்கு ஒரு சதமும் இல்லை. மேசையில் அதற்கென்று பெயர் எழுதிய கட்டம் பெரும்பாலும் இருக்காது என்பது தற்செயல் அல்ல.

பெயர் எழுதிய கட்டங்கள் நடுவில், கண்ணைக் கவரும் வண்ணத்தில் இருக்கின்றன. என் மருமகன் காசு வைத்த கட்டம் அத்தகையது: அடுத்த எறிதலில் ஏழு. ஆறில் ஒரு தடவை வரக்கூடியதற்கு ஐந்து மடங்கு தருவதே நியாயம். தருவதோ நான்கு மடங்கு. நூறு டொலருக்குப் பதினாறு டொலருக்கு மேல் போகிறது. ஓரத்துக் கோட்டைப் போல ஏறக்குறையப் பன்னிரண்டு மடங்கு.

பத்துத் தரம் ஏழு வராமல் போவது அதிசயமும் அல்ல. நூறில் பதினாறு வேளைகளில் அப்படித்தான் நடக்கும். 2009 மே மாதம் அத்திலாந்திக் சிற்றியில் ஒரு பெண்மணி 154 தடவைகள் எறியும்வரை தோற்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஒவ்வொரு எறிதலிலும் ஏழு விழுவதற்கான வாய்ப்பு முன்னர் இருந்ததுபோல ஆறில் ஒன்றாகவே இருந்தது.

கனடாவின் குற்றவியல் சட்டம் 1999 வரை கசினோக்களிலும் பகடை ஆட்டத்தை அனுமதிக்கவில்லை. நாம் போனது பத்து வருடம் பிந்தித்தான் என்று மருமகன் அடுத்த நாள் காலையில் சிரித்தான். பால்தேநீருடன் இருந்தபடி, ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில் முப்பத்தாறு கட்டங்களை வரைந்து அவனையே நிரப்பச் சொன்னேன். ஏழு விழும் கட்டங்களை எண்ணினான். இரண்டாம் முறையும் எண்ணினான்.

"அப்ப மாமா, நடுவில வைக்காமல் ஓரத்துக் கோட்டில மட்டும் வைச்சிருந்தால்?"

"அப்பவும் தோற்றிருப்பாய். கொஞ்சம் ஆறுதலாத் தோற்றிருப்பாய்."