இரண்டு தகப்பன் கன்றுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால்பண்ணைகள் அதிகம். அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் 1940-களில் மாடுகளுக்கு ரத்த வகை பார்க்கும் ஆய்வகம் ஒன்று இருந்தது. இன்ன கன்றுக்கு இன்ன காளைதான் தகப்பன் என்று ரத்தத்தை வைத்து உறுதி செய்து தருவார்கள். அங்கே வேலை பார்த்த ரே ஓவன் பால்பண்ணையிலேயே பிறந்து வளர்ந்தவர்.

மேரிலாந்திலிருந்து ஒரு மாட்டுக்காரரின் கடிதம் வந்தது. அவருடைய கெர்ன்சி இனப் பசு அதே இனக் காளையோடும் ஹெர்ஃபோர்டு காளையோடும் அடுத்தடுத்துச் சேர்ந்து, இரட்டைக் கன்று ஈன்றிருந்தது. கிடாரி அசல் கெர்ன்சி. காளைக்கன்றுக்கோ ஹெர்ஃபோர்டுக்கே உரிய வெள்ளை முகம். தாய் ஒன்று, தகப்பன் இரண்டு. இதில் வியப்பு ஏதுமில்லை, மாடுகளில் நடப்பதுதான். ஆனால் ரத்தத்தைச் சோதித்த ஓவன் திகைத்துப்போனார். ஒவ்வொரு கன்றின் ரத்தத்திலும் இரண்டு காளைகளின் அடையாளமும் இருந்தது!

மாட்டின் வயிற்றில் இரட்டைக் கரு வளரும்போது இரண்டின் நஞ்சுக்கொடி நாளங்களும் பெரும்பாலும் இணைந்துவிடும் என்பது முன்பே தெரிந்த செய்தி. காளைக்கன்றோடு சேர்ந்து பிறக்கும் கிடாரி பெரும்பாலும் மலடாகிவிடுவதற்குக் காரணம் அதுதான் என்று ஃபிராங்க் லில்லி 1916-இலேயே எழுதிவிட்டார். ஓவன் சேர்த்தது ஒரே ஒரு படி. சிவப்பணுக்கள் சில மாதங்களில் அழிந்துபோகிறவை. வளர்ந்த மாட்டிலும் உடன்பிறப்பின் சிவப்பணு இருக்கிறதென்றால், ரத்தத்தை உற்பத்தி செய்யும் மூல அணுக்களே இடம் மாறிக் குடியேறியிருக்க வேண்டும். அந்நிய அணுக்கள் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கின்றன, உடம்பு அவற்றை விரட்டவில்லை. 1945-இல் 'சயின்ஸ்' இதழில் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மாட்டு ரத்தத்தைப் பற்றி மருத்துவர்களுக்கு என்ன கவலை?

அதே காலத்தில் இங்கிலாந்தில் பீட்டர் மெடவார், போரில் வெந்துபோனவர்களுக்கு அடுத்தவர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். தாமஸ் கிப்சனோடு கிளாஸ்கோ மருத்துவமனையில் ஆராய்ந்து 1943-இல் அவர் சொன்ன பதில் இது: ஒரே ஆளின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் முதல் தடவையைவிட வேகமாகக் கழன்றுவிடுகிறது. அம்மைக் கிருமியை நினைவில் வைத்திருக்கும் அதே எதிர்ப்பு மண்டலம்தான் அந்நியத் தோலையும் நினைவில் வைத்திருந்து தாக்குகிறது.

1948-இல் ஸ்டாக்ஹோமில் மரபியல் மாநாடு. அங்கே ஹ்யூ டொனால்டு என்பவர் மெடவாரிடம் ஒரு கேள்வி கேட்டார்: இரட்டைக் கன்றுகளில் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை எவை, தனித்தனிக் கருக்கள் எவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெடவாருக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. ஒன்றின் தோலை மற்றொன்றில் ஒட்டிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் ஒரே கரு என்றார். பேச்சோடு விடாமல், சகா பில்லிங்ஹாமுடன் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்டாஃபோர்டுஷயர் பண்ணைக்குப் போய்த் தாமே ஒட்டியும் பார்த்தார்.

ஏறக்குறைய எல்லாமே ஒட்டிக்கொண்டன. கிடாரியும் காளையுமான ஜோடிகளில்கூட! மெடவாரின் வாக்கு பொய்த்துப்போனது. பர்னெட்டும் ஃபென்னரும் 1949-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் ஓவனின் கட்டுரை பற்றிய குறிப்பைக் கண்ட பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. கருவிலேயே அறிமுகமான அணுக்களை உடம்பு தன்னுடையது என்றே ஏற்றுக்கொள்கிறது என்பது அந்த நூல் முன்வைத்த கோட்பாடு.

தானாக நடந்ததை வேண்டுமென்றே செய்ய முடியுமா? மெடவார், பில்லிங்ஹாம், லெஸ்லி பிரெண்ட் மூவரும் தாய் எலியின் வயிற்றுக்குள் இருந்த கருக்களுக்கு வேறு இன எலியின் அணுக்களை ஊசியால் செலுத்தினார்கள். பிறந்து வளர்ந்த குட்டிகள் சில, அந்த இனத்தின் வெள்ளைத் தோலைத் தம் பழுப்பு உடம்பில் தாங்கிக்கொண்டு திரிந்தன. மருந்து எதுவும் இல்லாமல்! 1953-இல் 'நேச்சர்' இதழில் வந்த இந்தக் கட்டுரைக்காக மெடவாருக்கும், அந்தக் கோட்பாட்டுக்காக பர்னெட்டுக்கும் 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓவனுக்கு இல்லை. அவருக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று மெடவாரே அவருக்குக் கடிதம் எழுதினார். பரிசுக் குழு கண்டுகொள்ளாததை, பரிசு வாங்கியவர் ஒத்துக்கொண்டார். பணத்தையும் தன் இரு சகாக்களோடு பகிர்ந்துகொண்டார்.

எலிக் கருவில் பலித்தது வளர்ந்த மனிதரிடம் பலிக்கவில்லை. முதிர்ந்த எதிர்ப்பு மண்டலத்துக்கு யார் அந்நியர் என்பது ஏற்கெனவே பாடமாகியிருக்கும். செலுத்தப்படும் அணுக்களே புது உடம்பைத் தாக்கும் அபாயம் வேறு. அதனால் உறுப்பு மாற்று மருத்துவம் குறுக்குவழியில் போனது: எதிர்ப்பு மண்டலம் முழுவதையும் மருந்தால் அடக்கி வைப்பது. அசதியோபிரின் வந்தது, 1980-களில் சைக்ளோஸ்போரின் வந்தது. லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய வழி அது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் ஆயுள் முழுக்க மாத்திரை; கிருமித் தொற்று, புற்றுநோய் அபாயம்; போதாததற்கு, சிறுநீரகத்தைக் காக்கத் தரும் சைக்ளோஸ்போரினே சிறுநீரகத்தைக் கெடுக்கவும் செய்யும்.

ஓவனின் கன்றுகளுக்கு மருத்துவம் திரும்பி வர அரை நூற்றாண்டுக்குமேல் ஆனது. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் டேவிட் சாக்ஸ், தாட்சுவோ கவாய் குழுவினர் நோயாளிகள் ஐந்து பேருக்கு, தானம் தந்தவரின் சிறுநீரகத்தோடு அவருடைய எலும்பு மஜ்ஜையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அதற்குமுன் மருந்தாலும் கதிர்வீச்சாலும் நோயாளியின் எதிர்ப்பு அணுக்களை ஓரளவு குறைத்து இடம் ஏற்படுத்தினார்கள். ஒருவருக்குச் சிறுநீரகம் பறிபோனது. மற்ற நால்வரும் 9 முதல் 14 மாதங்களுக்குள் எல்லா எதிர்ப்படக்கு மருந்துகளையும் நிறுத்தினார்கள். சிறுநீரகம் வேலை செய்தது. 2008 ஜனவரியில் மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானபோது, ஸ்டான்ஃபோர்டு குழுவும் வேறொரு முறையில் ஒருவருக்கு மருந்தை நிறுத்தியதாக அதே இதழில் எழுதியிருந்தது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். கன்றுகளின் உடம்பில் உடன்பிறப்பின் அணுக்கள் ஆயுளுக்கும் இருந்தன. பாஸ்டன் நோயாளிகளின் ரத்தத்திலோ தானம் தந்தவரின் அணுக்கள் மூன்று வாரங்களுக்குமேல் தங்கவில்லை. அவை மறைந்த பிறகும் உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தாக்கவில்லை. அப்படியானால் எதிர்ப்பு அணுக்களுக்குக் கடிவாளம் போட்டது யார்? அதற்கான துப்பு, 1969-இல் ஜப்பானின் நாகோயாவில், பிறந்து மூன்றே நாளான எலிகளின் தைமஸ் சுரப்பியை வெட்டியெடுத்த ஒரு சோதனையில் கிடந்தது. அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)