இசை நாடக மேடையில் குரலும் உயரமும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியை நமக்கு அறிமுகம் செய்யும் இளங்கோவடிகள், நாட்டியத் திறம், இசைத் திறம், வடிவப் பொலிவு ஆகிய மூன்றும் அவளிடம் நிரம்பியிருந்தன என்று சொல்கிறார். ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி ஏழாண்டுகள் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அவள் சோழன் அவையில் ஏறினாள். இம்மூன்றனுள் முதலிரண்டும் ஓரளவுக்கேனும் பயிற்சியால் வருவன. மூன்றாவதாகிய வடிவம் பிறப்போடு வருவது, வயதோடு மாறுவது. ஆட்டமும் பாட்டும் கலந்த மேடையில் கலைஞரின் திறமையோடு அவருடைய உடலும் சேர்ந்தே எடை போடப்படுகிறது என்ற உண்மையைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர்.

எந்த வேடத்தை யாருக்குக் கொடுப்பது என்னும் கேள்விக்கு இசை நாடக ஆசிரியர்கள் வைத்திருந்த அளவுகோல்கள் இரண்டு. ஒன்று குரல்; மற்றொன்று உயரம். இவ்விரண்டும் தமிழ் நாடக வரலாற்றில் எத்தனை பேருடைய வாழ்வை உயர்த்தின, எத்தனை பேருடைய வாழ்வைத் திசை மாற்றின என்பதை இன்று சற்றே ஆராய்வோம்.

முதலில் தெருக்கூத்தை நோக்குவோம். கூத்தில் பெண் வேடமும் ஆடவரே புனைவது மரபு. அரசர் வேடத்துக்கு உரிய உயரம் ஒருவனுக்கு இல்லையென்றால் கூத்து அதற்காகக் கலங்குவதில்லை. தலையில் உயர்ந்த கிரீடம், தோள்களில் அகன்ற புஜகீர்த்தி, இடையில் விரிந்த பாவாடை ஆகியவற்றை அணிந்த உடனே நடுத்தர உயரமுள்ள உழவனும் துரியோதனனாக நிமிர்ந்து நிற்கிறான். ஆனால் முகவீணை ஒலிக்கும் உயர்ந்த சுருதியில் விடியும்வரை பாடுவதற்கு அவனுக்குத் தொண்டை இருந்தே ஆகவேண்டும். குறைந்த உயரத்தை ஒப்பனை மறைக்கும். குறைந்த குரலை மறைப்பதற்கு அந்நாளில் வழியே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திரைச் சீலைகளும் ஆர்மோனியமும் கொண்ட மேடை நாடகம் தமிழ்நாட்டில் பரவியது. அதில் வேடங்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வகுக்கப்பட்டன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் செவிக்கும் பாட்டின் சொற்கள் தெளிவாகச் சென்று சேர வேண்டும். ஆகவே உரத்தும் உயர்ந்தும் ஒலிக்கும் குரலுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

இதில் இசை நுட்பம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. ஆர்மோனியத்தின் சுருதியை நம்மவர் கட்டைக் கணக்கில் சொல்வர். ஆடவர் பலருக்கு இயல்பாக ஒத்துவருவது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் நான்கு, ஐந்து கட்டை. வள்ளி திருமணத்தில் வள்ளியும் வேலனும் தர்க்கம் புரிகிறார்கள். பவளக்கொடியில் அருச்சுனனும் பவளக்கொடியும் மாறி மாறிப் பாடுகிறார்கள். இருவருக்கும் ஆர்மோனியம் ஒன்றுதான்; சுருதியும் ஒன்றுதான். வள்ளியின் சுருதிக்கு ஏற முடியாத வேலன் தர்க்கத்தில் தோற்றுப்போவதற்கு முன்பே சபையில் தோற்றுவிடுவான். உயர்ந்த சுருதியில் அநாயாசமாகப் பாடும் ஆண் நடிகரை மக்கள் கொண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். அவர் தொடக்கத்தில் நடிகராகவும் விளங்கினார். எமன், சனீசுவரன், இரணியன் போன்ற அச்சந்தரும் வேடங்களே அவருக்கு வாய்த்தன. அவருடைய தோற்றமும் குரலும் அத்தகையவை. அவர் எமனாக வந்த காட்சியைக் கண்டு அதிர்ச்சியுற்ற கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கேடு நேர்ந்தது என்றும், அதன்பின் சுவாமிகள் நடிப்பையே துறந்தார் என்றும் ஒரு வரலாறு வழங்கி வருகிறது. நடிகரின் உருவம் அவையோர் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்தது என்பதற்கு அவ்வரலாறு சான்றாக நிற்கிறது.

நடிப்பை விட்ட சுவாமிகள் ஆசிரியரானார். புகழ் பெற்ற நடிகர்கள் மேடையிலேயே ஒருவரையொருவர் மட்டம் தட்டுவதும், கதையை மறந்து பாட்டை நீட்டுவதும் மலிந்திருந்த காலம் அது. கட்டுப்பாட்டை நாடியவர்கள் சிறுவர்களைக் கொண்டு நாடக சபைகள் அமைத்தனர். சுவாமிகள் 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் ஆசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டில் அங்கே சேர்ந்த உடன்பிறந்தார்களுள் ஒருவரே, அப்பொழுது ஆறு வயதுச் சிறுவராயிருந்து பின்னாளில் பெரும்புகழ் எய்திய தி. க. சண்முகம். அச்சிறுவருக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். சட்டையின் அளவுக்கு ஆளைத் தேடாமல், ஆளின் அளவுக்குச் சட்டை தைத்தது போன்ற செயல் அது.

சிறுவர் சபைகளில் வேடங்கள் எவ்வாறு பங்கிடப்பட்டன? மிகவும் குள்ளமான சிறுவனுக்கு உலோகிதாசன், பிரகலாதன், இலவன், குசன் ஆகிய பாலர் வேடங்கள் கிடைக்கும். மெல்லிய உடலும் இனிய குரலும் உடையவன் ஸ்திரீபார்ட். சற்று வளர்ந்தவனாய், குரலில் அழுத்தம் உள்ளவனாய் இருந்தால் ராஜபார்ட். எம். கே. தியாகராஜ பாகவதர் 1910-இல் பிறந்தவர். திருச்சி ரசிக ரஞ்சனி சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் உலோகிதாசனாகவே அவர் முதன்முதலில் மேடையேறினார். 1926-இல் பவளக்கொடி நாடகத்தில் அருச்சுனனாக வந்தார். சந்திரமதியின் மடியில் கிடந்த மைந்தன் காண்டீபம் ஏந்தும் நாயகனாவதற்கு இடையில் இருந்தவை ஒரு சில ஆண்டுகளே.

அந்த ஆண்டுகளில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சிறுவன் இளைஞனாகும் பருவத்தில் குரல்வளை பெரிதாகிறது. அதனுள் இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. அதனால் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. பெண்களுக்கும் இம்மாற்றம் உண்டு. ஆயினும் அது இரண்டு மூன்று சுரங்களின் அளவோடு நின்றுவிடும். இடைப்பட்ட மாதங்களில் சிறுவனின் குரல் சொன்னபடி கேட்காது. மேலே ஏறும்போது பிளக்கும். கீழே இறங்கும்போது கரகரக்கும். நாடக உலகில் இதனை மகரக்கட்டு என்பர். உயரம் விரைவாகக் கூடுவதும் இதே பருவத்தில்தான். நேற்றுவரை தமயந்தியாகத் தோன்றியவன் இன்று நளனைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்பான். குரலும் உயரமும் ஒருசேர அவனைக் கைவிடும்.

வீட்டு வறுமையின் காரணமாக நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் பலர். அவர்கள் பள்ளிப் படிப்பை விட்டவர்கள். உணவும் உறைவிடமும் அவர்களுடைய தொண்டையை நம்பியே கிடைத்து வந்தன. அத்தொண்டை உடைந்தபோது சிலர் வசன வேடங்களுக்கு மாறினர். சிலர் ஆர்மோனியமோ மிருதங்கமோ பயின்றனர். சிலர் ஊர் திரும்பினர். அவ்வாறு திரும்பியவர்களில் பெரும்பாலோரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறந்து விளங்கிய பி. யு. சின்னப்பா, குரல் மாறிய நிலையில் அக்கம்பெனியை விட்டு விலகிச் சிலம்பமும் பளு தூக்கலும் பயின்றார் என்று அறிகிறோம். குரல் மீண்டும் பண்பட்டதனாலும், பயின்ற வித்தைகள் கைகொடுத்ததனாலும், 1940-இல் வெளிவந்த உத்தம புத்திரன் படத்தில் இரட்டை வேடம் தாங்கிப் புகழ் பெற்றார். அவருக்குக் கிட்டிய இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டவில்லை.

பருவ மாற்றத்துக்குப் பின்னும் உயர்ந்த சுருதி குன்றாத அருமையான குரல் ஒன்று தமிழ் மேடைக்கு வாய்த்தது. செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலே அது. இளமையில் பெண் வேடங்களும் ஏற்ற அவர், பின்பு ராஜபார்ட்டாக உயர்ந்தார். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளோ, சிறுமியாக இருந்தபோது சிறுவன் வேடம் புனைந்து மேடைக்கு வந்தவர். உரமும் உயரமும் மிக்க அவருடைய குரலோடு சரிநிகராக நின்று பாடுவதற்கு ஆண் நடிகர்கள் அஞ்சினர். அந்த வள்ளிக்கு ஏற்ற வேலனாகக் கிட்டப்பா வந்தார். சுருதி ஒத்த அவ்விருவரும் மேடையில் இணைந்தனர், வாழ்விலும் இணைந்தனர். 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், இருபத்தேழு வயதிலேயே கிட்டப்பா மறைந்தார். வெள்ளாடை பூண்டு ஒதுங்கியிருந்த சுந்தராம்பாள், 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்தில் நந்தனாராக ஆண் வேடத்தில் தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பர். பெண் உருவம் நந்தனாருக்குப் பொருந்துமா என்று வினவியோரும் இருந்தனர். ஆயினும் அக்குரலுக்காகவே மக்கள் கொட்டகைக்கு வந்தார்கள்.

பிற நாட்டார் இச்சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் நாம் அறிதல் நலம். மராத்தி சங்கீத நாடகத்தில் பால கந்தர்வர் என்னும் நாராயண ராஜஹம்சர், நடுவயது கடந்த பின்னரும் கதாநாயகியாகவே தோன்றினார். உடல் பருத்த பின்னும் அவருடைய இசைக்காக மக்கள் அதனைப் பொறுத்துக் கொண்டனர். வியன்னாவில் 1786-இல் அரங்கேறிய மோசார்ட்டின் பிகாரோவின் திருமணம் என்னும் இசை நாடகத்தில் கெருபினோ என்ற இளைஞனின் பகுதி பெண் குரலுக்கென்றே இயற்றப்பட்டது. இத்தாலியில் கையாண்ட வழியோ கொடுமையானது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அங்கே இனிய குரலுடைய ஏழைச் சிறுவர்களுக்கு அறுவை செய்து பருவ மாற்றமே நிகழாதபடி தடுத்தனர். அவர்களுடைய குரல் உயர்ந்தபடியே நின்றது. எலும்பு வளர்ச்சியை முடித்து வைக்கும் சுரப்பு இல்லாமையால் அவர்களில் பலர் வழக்கத்துக்கு மீறிய உயரமும் பெற்றனர். உயர்ந்த உருவமும் உயர்ந்த குரலும் கொண்ட அவர்களுக்கே மாவீரர் வேடங்கள் அளிக்கப்பட்டன. ஹேண்டல் 1724-இல் இலண்டனில் அரங்கேற்றிய ஜூலியஸ் சீசர் நாடகத்தின் தலைவனும் அத்தகைய பாடகரே. ஒரு வேடத்துக்கு ஆள் வேண்டுமென்பதற்காக ஒரு குழந்தையின் உடலையே மாற்றத் துணிந்த காலம் அது.

நம் நாட்டில் மாறுதல் வேறு வழியாக வந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் பாட்டுகள் குறைந்து வசனம் முதன்மை பெற்றது. பாடத் தெரியாதவரும் நாயகராகலாம் என்னும் நிலை அரும்பியது. பின்னர் ஒலிபெருக்கி வந்தது. உரத்த குரலின் தனியாட்சி குறைந்தது. தமிழ்த் திரைப்படத்தில் 1930-களின் இறுதியில் பின்னணி பாடும் முறை புகுந்து, குரலையும் உருவத்தையும் அடியோடு பிரித்துவிட்டது. பிற்காலத்தில் டி. எம். சௌந்தரராஜன் என்னும் ஒருவருடைய குரலே சிவாஜி கணேசனுக்கும் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் பொருந்தி ஒலித்தது. கிட்டப்பாவின் காலத்தில் எவரும் கனவிலும் கருதியிராத செயல் இது.

மேடையிலும் புதிய துணிவு பிறந்தது. ஆறு வயதில் பால சபையில் சேர்ந்த சண்முகம், வளர்ந்து ஆடவரான பின்பு ஔவையாராக நடித்தார். அழகிய கதாநாயகிக்கு வேண்டிய குரலும் நளினமும் தாம் கடந்துவிட்டவை என்று அவர் வருந்தி நிற்கவில்லை. குனிந்த முதுகும், தளர்ந்த நடையும், முதுமையால் நடுங்கும் குரலும் உடைய மூதாட்டியாக அவர் தோன்றியபோது, உயரம் முதுகில் மறைந்தது. ஆண் குரல் முதுமையில் கரைந்தது. ஔவை சண்முகம் என்றே நாடு அவரை அழைக்கலாயிற்று. தம் உடலின் அளவை நன்கு அறிந்து, அதற்கேற்ற வேடத்தைத் தேர்ந்து, எஞ்சியதை உழைப்பால் நிறைவு செய்த கலைஞரின் வெற்றி அது.

மாணவ நண்பர்களே! மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளின் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் இரவு முழுவதும் நடைபெறுகிறது. வாய்ப்புக் கிடைத்தால் சென்று கேளுங்கள். ஆர்மோனியத்தின் சுருதியை நடிகர்கள் எவ்வாறு தமக்குள் பொதுவாக்கிக் கொள்கின்றனர் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் நாடகம் நடத்தும்போது, குள்ளமானவன் அரசனாகக் கூடாது என்றும், குரல் உடையும் பருவத்தினன் மேடைக்கே வரக்கூடாது என்றும் விதி செய்யாதீர்கள். அத்தகையவனை உயர்ந்த சுருதியில் பாடச் சொல்லி வருத்தவும் வேண்டா. அவனுக்கு அவ்வாண்டு வசனம் பேசும் வேடம் ஒன்றைக் கொடுங்கள். குரல் நிலைபெற்ற பின் மீண்டும் பாட அழையுங்கள். பால சபைகளின் சிறுவர்களுக்கு அன்று கிடைக்காமற் போன அவகாசத்தை நம் வகுப்புத் தோழனுக்கு நாம் அளிக்கலாம் அல்லவா?