நஞ்சு காட்டிய வாயில்

இலங்கையின் உலர் வலயக் கிராமங்களில், இரவிலே தரையிற் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டும் பாம்புகளுட் கட்டுவிரியன் மிகக் கொடியது. கடிவாயில் வீக்கமோ பெருவலியோ பெரும்பாலும் இருப்பதில்லை. சில மணி நேரத்தில் கண்ணிமைகள் தாழ்கின்றன, நாக் குழறுகிறது, பின்னர் மூச்சை இயக்கும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. அவ்வாறு அசைவற்றுக் கிடப்பவர், அருகிலிருப்போர் தம்மைப் பற்றிப் பேசுவதைக் கேட்டவாறே கிடப்பதும் உண்டு. ஏனெனில், தசைகளைக் கட்டிப்போடும் நஞ்சு, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து செல்வதில்லை.

கட்டுவிரியனுக்கு நெருங்கிய உறவான பாம்பொன்று தாய்வானில் உண்டு. கரிய உடலில் வெண்பட்டைகள் பல கொண்டது. தாய்ப்பேயிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் ஆய்ந்த சாங், லீ என்னும் இருவர், 1963 ஆம் ஆண்டில், அதன் நஞ்சை மாப்பொருளினூடே மின்னோட்டம் செலுத்திக் கூறுகளாகப் பிரித்தனர். ஒரு கூறு, நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்னும் தூதுப்பொருள் வெளிவருதலைக் கெடுத்தது. அல்பா எனப் பெயர் பெற்ற மற்றைய கூறோ நரம்பைத் தொடவேயில்லை. நரம்பு தூதை விடுத்தவண்ணமே இருந்தது; தசைதான் அதனை ஏற்க மறுத்தது.

இதன் அருமையை உணர, 1905 ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். கேம்பிரிட்ஜில் லாங்லி என்னும் அறிஞர், நரம்பறுந்த கோழித் தசையும் நிக்கொற்றினுக்குச் சுருங்குவதையும், குராரே என்னும் அம்பு நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுப்பதையும் கண்டார். தசையிலேயே தூதை வாங்கும் பொருளொன்று இருத்தல் வேண்டும் என்பது அவர் முடிவு. அந்த ‘வாங்கி’யைப் பற்றி அறுபது ஆண்டுகளாகப் பேசினரேயன்றி, அதனைப் பிரித்தெடுத்துக் கையிற் கொண்டவர் எவருமிலர். குராரே வாங்கியிற் பற்றும். கழுவினால் விட்டு நீங்கிவிடும். அல்பா நஞ்சோ பற்றினால் எளிதில் விடாது. கொலைத் தொழிலுக்கு உதவிய அந்தப் பிடியே ஆராய்ச்சிக்கும் உதவிற்று.

தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின் விலாங்கின் மின்னுறுப்பு, உண்மையில் உருமாறிய தசையே. அதில் வாங்கிகள் செறிந்துள்ளன. 1970 ஆம் ஆண்டில், பரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ஷான்ஷூவும் அவருடைய துணைவரும், லீயுடன் சேர்ந்து, அவ்வுறுப்பிலிருந்து எடுத்த வாங்கியை இந்நஞ்சின் துணையால் அடையாளங் கண்டனர். அது ஒரு புரதம்.

இதன் பின் நிகழ்ந்தது எவரும் எதிர்பாராதது. 1973 இல், கலிபோர்னியாவிற் பற்றிக், லின்ட்ஸ்ரோம் என்போர், விலாங்கின் வாங்கிப் புரதத்தை முயல்களுக்கு ஏற்றினர். அதற்கு எதிரான பொருள்களைக் குருதியில் உண்டாக்குவதே அவர்கள் நோக்கம். முயல்களோ தலையைத் தூக்கவும் வலுவிழந்து துவண்டன. கண்ணிமை தாழ்ந்து, மெல்லவும் விழுங்கவும் முடியாது வருந்தும் ‘மயஸ்தீனியா’ நோயாளரின் தளர்ச்சியும் அத்தகையதே. அதே ஆண்டிற் போல்ரிமோர் ஆராய்ச்சியாளர், கதிரியக்க அயடீன் ஏற்றிய நஞ்சைக் கொண்டு அந்நோயாளரின் தசை வாங்கிகளை எண்ணினர். இயல்பான தொகையில் மூன்றிலொரு பங்குகூட இருக்கவில்லை. அந்நோயாளரின் உடலே தன் வாங்கிகளைத் தாக்கி அழிக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று.

மூளையிலேதான் இந்நஞ்சு ஆராய்ச்சியாளரை மயக்கிற்று. பிரித்தெடுத்த மூளைத் துண்டுகளில், சிறப்பாக நினைவோடு தொடர்புடைய பகுதியில், அது நன்கு பற்றியது. ஆயினும் பல நரம்புக் கலங்களில் நிக்கொற்றினின் செயலை அது தடுக்கவில்லை. பற்றிய இடம் வாங்கிதானா என்றே சிலர் ஐயுற்றனர். அல்பா நஞ்சுக்கு அடங்காத நரம்புக் கலங்களின் வாங்கிகளை அடைக்கும் ‘கப்பா’ என்னும் வேறொரு கூறு, 1980களில் அதே பாம்பின் நஞ்சிலிருந்தே பெறப்பட்டது. 1990 அளவில் ‘அல்பா ஏழு’ எனப்பட்ட மரபணு கண்டறியப்பட்டபோது, ஐயமும் தீர்ந்தது. அல்பா நஞ்சு பற்றிய இடம் மெய்யான வாங்கியே. ஆனால் அது திறந்த கணத்திலேயே அயர்ந்துவிடுவது. மருந்தை மெல்லச் செலுத்திய சோதனைகளில் அதன் செயல் எளிதிற் புலப்படாது.

மறதி நோய்க்கும் மனச்சிதைவுக்கும் அந்த வாங்கியைத் தூண்டும் மருந்துகள் பல பின்னர் சோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பயனை அவை தரவில்லை.