டிராக்டர் என்ஜின்

காரைக்காலில் உப்புக் காற்று இரும்பை வைத்துவைத்துத் தின்னும். சென்ற ஆண்டு அரசலாற்றங்கரைப் பக்கம் ஒரு பட்டறையில், மூக்கைத் திறந்து போட்டுக்கொண்டு நீண்ட கார் ஒன்று நின்றது. 'ஸ்டாண்டர்டு 2000'. 1986ல் சென்னைக்கருகே வண்டலூரில் பிறந்த வண்டி. உடையவர் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற பெரியவர். என்ஜின் போய்விட்டது, எதைப் போடுவது என்று விவாதம்.

"இதற்கு உரியது எட்டு சிலிண்டர் என்ஜின். இங்கிலாந்திலிருந்து வரட்டும்" என்றார் பெரியவர்.

"ஐசூசு டீசல் ஒன்று போட்டுவிட்டால் தீர்ந்தது ஐயா" என்றார் மெக்கானிக் பாய்.

எனக்கோ, இருந்ததையே பழுது பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். காரணம், அந்த என்ஜினின் ஜாதகம்.

இதே உடலுக்கு இங்கிலாந்தில் 'ரோவர் எஸ்.டி. 1' என்று பெயர். 1976ல் வந்தது. உருவம் கொடுத்த டேவிட் பேச் ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்து ஆசைப்பட்டவர். உள்ளே 3,528 சி.சி. என்ஜின், 155 குதிரைசக்தி. அதுவும் ரோவர் பெற்ற பிள்ளை அல்ல. அமெரிக்காவில் பியூக் கம்பெனி செய்து, 1963ல் வேண்டாமென்று விட்ட அலுமினிய என்ஜின். 1965ல் ரோவர் உரிமை வாங்கித் தத்தெடுத்துக்கொண்டது.

1985ல் வண்டலூர் ஸ்டாண்டர்டு கம்பெனி அந்த உடலை வாங்கிற்று. இருதயத்தை வாங்கவில்லை. தன் பழம்பெட்டியைத் திறந்து, நாற்பதுகளின் கடைசியில் வந்த வான்கார்டு காரின் நாலு சிலிண்டர் என்ஜினை எடுத்து வைத்தது. 1,991 சி.சி. சக்தி 83 குதிரை, ரோவரில் பாதியைச் சற்றுத் தாண்டும். ராஜகுமாரன் வேஷத்தில் உழவன்! ஜனங்கள் சிரித்தார்கள். 1988ல் உற்பத்தி நின்றது. வேலையை இழந்த குடும்பங்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

உழவன் என்றேனே, அது வசை அல்ல. ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும் இதே இனத்து என்ஜின்தான். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954ல். அதற்கு முந்தின ஆண்டு, 1953 மே மாதம், பெல்ஜியத்தில் ஜாபெக் நெடுஞ்சாலையில், டிரையம்ஃப் டி.ஆர். 2 என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரில் இதே என்ஜின் மணிக்கு 124 மைல் ஓடிக் காட்டியது. அந்த வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ரோவரோ அதைவிடக் கனமான பெரிய வீடு. வேறென்ன சொல்ல? என்ஜினில் குற்றமில்லை. சேர்த்து வைத்தவர்கள்தான் பொருத்தம் பார்க்கவில்லை.

இதன் விசேஷம் சிலிண்டர்கள்தான். அவை உடலோடு வார்த்தவை அல்ல. தண்ணீருக்குள் நிற்கும் தனிக் குழாய்கள், 'லைனர்' என்பார்கள். தேய்ந்தால் பிடுங்கிப் புதிதாக இறக்கலாம். பழையது 83 மில்லிமீட்டர் அகலம். டி.ஆர். 4 காரில் 86 வைத்தார்கள். கொள்ளளவு 2,138 சி.சி. ஆயிற்று, சக்தி நூறைத் தொட்டது.

"அதை இறக்கலாமா பாய்?" என்றேன்.

"அளந்து பார்க்காமல் வாய் விடமாட்டேன் சார்" என்றார் அவர்.

எட்டு சிலிண்டரின் விலையைக் கேட்டதும் பெரியவரும் இறங்கி வந்துவிட்டார். லைனர்கள் கப்பலில் வந்து சேர மூன்று மாதம். அவற்றை இறக்கிய பிறகு, தலை உட்காரும் முகத்துக்கு மேலே ஒவ்வொன்றும் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து அங்குலம் துருத்தி நிற்க வேண்டும். குறைந்தால் கேஸ்கெட் பிடிக்காது. தண்ணீர் எண்ணெயில் கலந்து எல்லாம் பாழ். மூன்று சரியாக நின்றன. நாலாவது ஐந்தைத் தாண்டி நின்றது. பாய் பேசாமல் அதை மறுபடி வெளியே எடுத்தார். அடியில், எட்டு எண் வடிவத்துக் கேஸ்கெட்டின் கீழே, கடுகளவு பழைய துரு. சுரண்டித் துடைத்து மீண்டும் இறக்கினார். நாலு.

தரங்கம்பாடி வரை ஓட்டிப் பார்த்தோம். வழியில் அரசுப் பேருந்து ஒன்று எங்களை முந்திற்று. பெரியவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, "சத்தத்தைக் கேள் தம்பி, நடவு சமயத்து வயல் சத்தம் மாதிரியே இருக்கிறது" என்றார்.