ஹிப்ஹாப்: ஐம்பதாண்டு வழக்கு

ஹிப்ஹாப் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1970களில் உருவான பண்பாடு. இசைத்தட்டைச் சுழற்றும் டிஜே, தாளத்துக்கேற்ப வரிகளை உச்சரிக்கும் எம்சி, தரையில் சுழலும் நடனம், சுவர் ஓவியம் ஆகிய நான்கையும் அதன் தூண்களாகச் சொல்வார்கள். எம்சியின் கலைக்குப் பெயர் ராப். அது பிறந்தது முதல், ‘இதெல்லாம் பாட்டா?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. ராக் இசைக்காரர்கள், பாதிரியார்கள், நீதிபதிகள், ஜாஸ் மேதைகள் என்று பலரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் முதலில் சந்தேகப்பட்டவர்கள் அதை உருவாக்கியவர்களேதான்.

1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறக்கும்முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்ப்பதே நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த அவருக்குத் தெருவில் பெரிய ஒலிபெருக்கி வைத்துக் கொண்டாடும் வழக்கம் சின்ன வயதிலேயே பழக்கம். பாடகர் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப்ஹாப்பின் அடித்தளம் இவ்வளவுதான்.

இதைப் பதிவு செய்து விற்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது பிராங்ஸின் பெரிய டிஜேக்களில் ஒருவரான கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷுக்கே அது வேடிக்கையாகப் பட்டது. ஏற்கெனவே பதிவான தட்டை ஓட்டுவதை மறுபடியும் தட்டாக்கினால் யார் வாங்குவார்கள்? ஆனால் 1979இல் இசைத் தயாரிப்பாளர் சில்வியா ராபின்சன் நியூ ஜெர்சியில் மூன்று பேரைச் சேர்த்து ‘ராப்பர்ஸ் டிலைட்’டை வெளியிட்டார், தட்டு பறந்தது. பிராங்ஸ்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். அதில் பாடிய பிக் பேங்க் ஹாங்க், பிராங்ஸ் எம்சியான கிராண்ட்மாஸ்டர் காஸின் வரிகளை அப்படியே எடுத்திருந்தார், அவருடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தைக்கூட மாற்றாமல். அடித்தளத் தாளமோ ‘ஷீக்’ குழுவின் ‘குட் டைம்ஸ்’. அந்தக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ் வழக்குக்குத் தயாரான பிறகே அவருக்கும் பெர்னார்ட் எட்வர்ட்ஸுக்கும் பாடலாசிரியர் உரிமை கிடைத்தது. காஸுக்கு அதுவும் இல்லை.

மெட்டு இல்லை, வாத்தியம் இல்லை என்ற குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 2015இல், ராப் சுருதி தெரியாதவர்களுக்கானது என்ற பொருள்பட ஏளனம் செய்தார். இந்தக் குற்றச்சாட்டுக்குப் பெரிய கனம் இல்லை. ராப்பில் கேட்க வேண்டியது ஸ்வரம் ஏறி இறங்குவதை அல்ல. அடிக்கு முந்தியும் பிந்தியும் சொல் எங்கே விழுகிறது, எதுகை எத்தனை வரி தாண்டி வந்து சேர்கிறது என்பதைத்தான். தவிர, 1986இல் மங்கிக் கிடந்த ஏரோஸ்மித் என்ற ராக் குழுவுக்கு மறுவாழ்வு கொடுத்ததே ரன்-டிஎம்சி என்ற ராப் குழுதான். இரு குழுவும் சேர்ந்து பாடிய ‘வாக் திஸ் வே’ பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடத்துக்குப் போனது. அதே பாட்டின் மூலப் பதிவு எட்டியது 10ஆம் இடம்.

பிறர் இசையை எடுத்தாளும் ‘சாம்பிள்’ பற்றிய வாதத்துக்கு வலு உண்டு. 1991இல் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி கெவின் டஃபி, ‘திருடாதே’ என்ற விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகு அனுமதி வாங்காமல் எடுத்தாள்வது ஆபத்தான காரியமாகிவிட்டது. பல பாடல்களின் துண்டுகளை அடுக்கடுக்காகக் கோத்துப் பப்ளிக் எனிமி போன்ற குழுக்கள் செய்த ஆல்பங்களுக்கு அதன்பின் கட்டணம் கொடுத்தே மாளாது என்ற நிலை வந்தது. அதே சமயம், ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்ட் வாசித்த தாளம் ராப் பாடல்களில் ஓயாமல் ஒலித்தது. பாடலாசிரியர் பட்டியலில் பெயர் இல்லாததால் அந்த டிரம்ஸ்காரருக்கு அதில் பங்கு வரவில்லை. எடுத்தவர்கள் மட்டுமல்ல, சட்டமும் அவரைக் கைவிட்டது.

எல்லாவற்றிலும் கடினமான வாதம் வரிகளைப் பற்றியது. 1989இல், என்.டபிள்யூ.ஏ. குழுவின் காவல்துறை எதிர்ப்புப் பாட்டைக் கண்டித்து எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் இசை நிறுவனத்துக்குக் கடிதமே எழுதினார். குழுவுக்கு அது காசில்லா விளம்பரம். மறு ஆண்டு ஃபுளோரிடாவில் 2 லைவ் க்ரூ என்ற குழுவின் ஆல்பம் ஆபாசமானது என்று கூட்டாட்சி நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். அதை விற்ற கடைக்காரரும், மேடையில் பாடிய குழுவினரும் கைதானார்கள். குழுவினர் மீதான விசாரணையில் இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சி சொன்னார்: இது கறுப்பினத்தவரின் பழைய வாய்மொழி மரபு, மிகைப்படுத்திக் கேலி செய்வது அதன் இயல்பு. ஜூரி விடுதலை செய்தது. ஆபாசத் தீர்ப்பும் 1992இல் மேல்முறையீட்டில் ரத்தானது.

ஆனால் கேட்ஸின் வாதத்தைச் சட்டப் பேராசிரியர் கிம்பெர்லே கிரென்ஷா அப்படியே ஏற்கவில்லை. இனம், பாலினம் என்ற ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தைப் பற்றி 1989இல் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். ஆபாசமான பொருள்கள் எத்தனையோ தாராளமாக விற்கும் ஊரில் கறுப்புக் குழுவை மட்டும் பிடித்தது இனவெறி என்றார். கேலி, மரபு என்று சொல்லிப் பெண்களை இழிவுபடுத்துவதை மூடி மறைக்கவும் முடியாது, அடி விழுவது கறுப்பினப் பெண்கள் மீதுதான் என்றும் சொன்னார். இந்த ஐம்பதாண்டு விவாதத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் குறைவு. உள்ளிருந்தே பதில் சொன்ன பெண்களும் உண்டு. குயீன் லத்தீஃபா 1993இல் வெளியிட்ட ‘யுனிட்டி’, பெண்களை வசைச்சொல்லால் அழைப்பவர்களை நேருக்கு நேர் கேட்டது. கிராமி விருதும் வாங்கியது.

வெள்ளையரின் பயம்தான் எதிர்ப்புக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மிகக் கடுமையாகப் போராடியவர்களில் ஒருவர் சி. டெலோரஸ் டக்கர், மார்ட்டின் லூதர் கிங்கோடு உரிமைப் பேரணியில் நடந்தவர். டைம் வார்னர் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி, பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்து ராப் வரிகளைப் பற்றிக் கேள்வி கேட்டார். 1995இல் அந்த நிறுவனம் இன்டர்ஸ்கோப் என்ற இசை நிறுவனத்தில் இருந்த தன் பங்கை விற்றுவிட்டு விலகியது. அதே தலைமுறையைச் சேர்ந்த ஜாஸ் டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சோ ராப் இளைஞர்களோடு மேடையேறினார்.

தமிழர் பெயரும் இந்த வழக்கில் உண்டு. லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த எம்.ஐ.ஏ., அதாவது மாதங்கி அருள்பிரகாசத்தின் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் துப்பாக்கி வெடியும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளமாகவே வரும். வன்முறையைப் பாடுகிறார் என்று ஒரு தரப்பு. வந்தேறிகளைத் திருடர்களாகப் பார்க்கும் கண்ணைத்தான் கிண்டல் செய்கிறேன் என்று அவர். மலேசியாவின் யோகி பி அண்ட் நட்சத்ரா 2006இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, தமிழில் ராப் எடுபடுமா என்ற சந்தேகம் பலருக்குத் தீர்ந்தது.

அங்கீகாரம் அமெரிக்காவில் மெதுவாகத்தான் வந்தது. 1989இல் கிராமி முதன்முதலாக ராப்புக்கு விருது வைத்தது. ஆனால் அதைத் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்றதும், வென்ற வில் ஸ்மித் உட்படப் பலர் விழாவைப் புறக்கணித்தார்கள். 2018 ஏப்ரலில் கெண்ட்ரிக் லமாரின் ‘டேம்ன்’ ஆல்பத்துக்குப் புலிட்சர் பரிசு. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்த இசைப் பரிசு போனது அதுவே முதல் முறை. அடுத்த மாதமே ஜாஸ் கலைஞர் விண்டன் மார்சாலிஸ், ராப் கறுப்பினத்தவருக்கு இழைக்கும் கேடு ராபர்ட் லீயின் சிலை இழைக்கும் கேட்டைவிடப் பெரிது என்றார். லீ, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி. மார்சாலிஸும் சாதாரண ஆள் அல்ல: 1997இல் ஜாஸுக்கு முதல் புலிட்சர் வாங்கியவர்.

இப்போது வழக்கு மீண்டும் நீதிமன்றத்தில், வேறு வடிவில். பாடகர் எழுதிய வரியை அவர் மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்குச் சாட்சியாக வைக்கலாமா? கலிஃபோர்னியா 2022இல் இதற்குக் கட்டுப்பாடு விதித்துச் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில், யங் தக் என்ற ராப் பாடகர் மீதான விசாரணையில், அவருடைய சில வரிகளைச் சாட்சியமாக வைக்க நீதிபதி நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்.